சூறாவளிக்கு முந்தி, சூறாவளிக்குப் பிந்தி

மட்டக்களப்பு எழுவான்கரையிலே வயது முதிர்ந்த ஒருவரிடம் அவர் பிறந்த ஆண்டைக் கேட்டால், இலக்கத்தில் விடை வருவது அருமை. "வெள்ளத்துக்கு அடுத்த வருசம்" என்பார். "சூறாவளிக்குள்ள நான் கைப்பிள்ளை" என்பார் அவருடைய மகள். எந்த வெள்ளம், எந்தச் சூறாவளி என்று திருப்பிக் கேட்பவர் வெளியூர்க்காரர் என்பது அந்தக் கேள்வியிலேயே வெளித்துவிடும். வெள்ளம் என்றால் 1957. சூறாவளி என்றால் 1978. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை நீரிலோ காற்றிலோ பறிகொடுத்தவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கப் போகும்போது, கந்தோர் மேசையின் முன்னாலும் இந்தக் கணக்கையே சொல்வார்கள். உத்தியோகத்தரும் எங்கள் பகுதியைச் சேர்ந்தவராக இருந்துவிட்டால் மேலும் விளக்கம் கேட்கமாட்டார்.

நேயர்களிற் சிலருக்கு எங்கள் நிலத்தின் அமைப்புத் தெரிந்திருக்க நியாயமில்லை. மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. அதன் மேற்கே, சூரியன் படும் பக்கம், வயல்களும் குளங்களும் கொண்ட படுவான்கரை. கிழக்கே, சூரியன் எழும் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம் எழுவான்கரை. கல்லடி, டச்பார், நாவலடி எல்லாம் இந்த மணலில் அமைந்த ஊர்கள். நாவலடிக்கு வந்தால் நிலம் இன்னும் மெலிந்து ஒரு நாக்குப் போலாகி, முகத்துவாரத்தில் முடிந்துவிடும். ஒரு கையால் கடலையும் மறு கையால் வாவியையும் தொட்டுவிடலாம் என்று சிறு வயதில் நாங்கள் நினைத்ததுண்டு. இந்த மணலுக்குத் தண்ணீர் மூன்று வழியாக வரும்: வானத்திலிருந்து, வாவியிலிருந்து, கடலிலிருந்து. முதல் இரண்டையும் எங்கள் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு முகத்துவாரம் வெட்டும் வழக்கமே போதும். கோடை காலத்தில் கடலலை மணலை அள்ளிக் குவித்து வாவியின் வாயை அடைத்துவிடும். அப்போது வாவி ஒரு பெருங்குளம் போல் அமைதியாகக் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் மாரி பிடித்து, படுவான்கரை ஆறுகளும் குளங்களும் தம் மேலதிக நீரை வாவிக்குள் விட, நீர்மட்டம் நாளுக்கு நாள் ஏறும். தாழ்ந்த வயல்கள் முதலில் மூழ்கும். பிறகு தாழ்ந்த வளவுகள். அப்போதுதான் அந்த மணல் திட்டை மனிதர் கையால் வெட்டி விடவேண்டும்.

எப்போது வெட்டுவது? இங்கேதான் வழக்கு. வயற்காரருக்கு இன்றைக்கே வெட்டவேண்டும். இளம் பயிர் நீரில் நின்று அழுகும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு நட்டம். வாவியில் மீனும் இறாலும் பிடித்துச் சீவிப்பவருக்கோ அவசரப்பட்டு வெட்டுவது பிடிக்காது. வாவி வடிந்தால் வளர்ந்து வரும் மீனும் வடிந்துவிடும். இரண்டு பகுதியாரும் அரசாங்க அதிபர் முன்னிலையில் கூடி வாதாடுவதும், மழை பெய்யப் பெய்ய வாதத்தின் தொனி மாறுவதும் பழைய காலத்திலிருந்து நடந்து வருகின்றன. முடிவானதும் மண்வெட்டியோடு ஆட்கள் போவார்கள். அவர்கள் வெட்டுவது ஒரு சிறிய வாய்க்கால்தான். மீதியை நீரே பார்த்துக்கொள்ளும். சில மணித்தியாலத்துக்குள் அந்த வாய்க்கால் கரை இடிந்து இடிந்து அகன்று, செந்நிற வெள்ளம் கடலுக்குள் பாயும். பிற்காலத்தில் மண்வெட்டியின் இடத்துக்குப் பெக்கோ இயந்திரம் வந்தது. வாதம் மாத்திரம் மாறவில்லை. எழுத்திலே இல்லாத ஒரு நீரியல் அறிவும், இரண்டு தொழில்களுக்கிடையே வருடந்தோறும் புதுப்பிக்கப்பட்ட ஓர் உடன்படிக்கையும் இதற்குள் இருந்தன என்பதை நமது வரலாற்றாசிரியர்கள் இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

காற்றைப் பற்றிய அறிவும் அவ்வாறே. கச்சான் காற்றுக்கு ஒரு தொழில், வாடைக் காற்றுக்கு வேறொரு தொழில். வங்காள விரிகுடாவில் பிறக்கும் சூறாவளிகள் பெரும்பாலும் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் நம் பக்கம் திரும்பும். அந்த மாதங்களிற் கடலின் இரைச்சல் மாறினாலும், கிழக்கு வானம் வழமைக்கு மாறாகச் சிவந்தாலும், தோணிகளை மேட்டுக்கு இழுத்து வைப்பார்கள். ஆயினும் காற்றுக்கும் விதிவிலக்கு உண்டு. 1907ஆம் ஆண்டில் மட்டக்களப்பை உலுப்பிய சூறாவளி மார்ச் மாதத்தில், எவரும் எதிர்பாராத பருவத்தில் வந்தது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் அப்போது பதினைந்து வயதளவில் இருந்த மாணவன். அந்தச் சூறாவளியைக் கண்ணாற் கண்டவர்களை என் அம்மம்மாவின் தலைமுறை கண்டிருந்தது. என் தலைமுறைக்கு அது "ஆதிச் சூறாவளி" என்ற பெயராக மாத்திரம் வந்து சேர்ந்தது. பெயர் வந்து சேர்ந்ததே பெரிய காரியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1957 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி எங்கள் ஊரில் கேட்ட கதைகள் பெரும்பாலும் தோணிக் கதைகள். வீதியிலே தோணி விட்டது, கோயில் மண்டபத்திற் சமைத்தது, பாம்பும் மனிதரும் ஒரே மரத்தில் இரவைக் கழித்தது. அந்த வெள்ளம் எங்களோடு நின்றதல்ல. வடமத்திய பகுதியில் நாச்சதுவக் குளம் உடைத்ததும் அதே வெள்ளத்தில்தான். ஆனால் எங்கள் பெரியவர்களின் கதையில் நாச்சதுவ இல்லை. 1964ஆம் ஆண்டும் அப்படித்தான். அந்த டிசம்பர் 22ஆம் திகதி வந்த புயல் எங்களுக்கு வடக்கே கரையேறி, வவுனியா, மன்னார் வழியாகப் போய், அன்றிரவே பாக்கு நீரிணைக்கு அப்பால் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு புகைவண்டியையும் கடல் கொண்டது. கொழும்பிலிருந்து தலைமன்னார் போய், கப்பலில் கடந்து, தனுஷ்கோடியில் மீண்டும் ரயில் ஏறிச் சென்னை போன அந்தப் பழைய பாதை அந்த இரவோடு முடிந்தது. இவ்வளவு பெரிய சம்பவம், ஆனால் எங்கள் ஊரின் காலக் கணக்கில் 1964க்கு இடமில்லை. தன் கூரையைத் தொடாத காற்றைச் சிற்றூர் கணக்கில் வைப்பதில்லை.

இனி 1978க்கு வருவோம். நவம்பர் 23, வியாழக்கிழமை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பகல் முழுவதும் காற்றும் தூறலும் மாறி மாறி இருந்தன. இருட்டிய பின்னர் கிடுகுக் கூரைகள் முதலிற் போயின, அடுத்துத் தகரங்கள். காற்றில் பறந்து வரும் தகரம் வாளைவிடக் கொடியது என்பதை அன்றைக்குத்தான் ஊர் கண்டது. அயலிலிருந்த ஒரு கல்வீட்டில் நாங்கள் நாற்பது பேரளவில் ஒரே அறைக்குள் நின்றோம். கதவுக்கு முதுகைக் கொடுத்து ஆண்கள் முறைவைத்து நின்றார்கள். முன்னிரவில் வடக்குச் சுவரை அறைந்த காற்று, இடையில் சற்றுத் தளர்ந்தது. "முடிஞ்சுது" என்று யாரோ சொன்னார்கள். மாட்டை அவிழ்த்துவிடப் புறப்பட்டவரை வயதான ஒரு தாய் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "கிறுகி வரும் மனே, இது கிறுகி வரும்" என்றார்.

அவர் வானிலை நூல் படித்தவரல்லர். நமது பக்கத்துச் சூறாவளி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிற் சுழல்கிறது. கிழக்கிலிருந்து மேற்கே நகர்கிறது. ஆகவே அதன் நடுப்பகுதி வருவதற்கு முன் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று, அது கடந்த பின் தெற்கிலிருந்து அடிக்கும். இடையிலே ஓர் ஏமாற்றுத் தளர்ச்சி. இது இன்றைக்குப் பாடசாலைப் புத்தகத்தில் உள்ள விடயம். அந்தத் தாய்க்கு இது எங்கிருந்து வந்தது? 1907இல் நின்றவர்கள் அவருடைய தாய்க்குச் சொல்லியிருக்கவேண்டும் என்பதே என் ஊகம். சொன்னபடியே அது கிறுகி வந்தது. வடக்குக் காற்றுக்கு வளைந்து கொடுத்துத் தப்பிய தென்னைகள், வேர் இளகி நின்ற நிலையில், தெற்குக் காற்றுக்கு முறிந்தன. சட்டையைப் பிடித்து நிறுத்தப்பட்ட மனிதர் பேரப்பிள்ளை கண்டு வாழ்ந்தார்.

அந்தச் சூறாவளியில் 900க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிப்புற்றார்கள். மாவட்டத்தில் இருந்த ஏறத்தாழ 28,000 ஏக்கர் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது என்று கணக்கிட்டார்கள். இந்த இலக்கத்தின் பொருளை விளங்குவதற்கு, கூரையை நினைக்கவேண்டும். வீட்டுக் கூரை பறந்தால் புதிய கிடுகு பின்னி வேயலாம். அதற்கு ஓலை வேண்டும். ஓலைக்குத் தென்னை வேண்டும். காற்று கூரையைக் கொண்டுபோனதோடு நிற்காமல், அடுத்த கூரை விளையும் மரத்தையும் கொண்டுபோயிற்று. புதிதாக நட்ட தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு வருடம் செல்லும். சமையலுக்குத் தேங்காய் இல்லை. கயிற்றுக்குத் தும்பு இல்லை. அடுப்புக்குப் பாளையும் மட்டையும் கொஞ்சக் காலம் தாராளமாக இருந்தன, அவ்வளவுதான். தகரமும் ஓடும் எங்கள் பகுதியில் பரவியதும், கிடுகு பின்னும் கைவேலை மெல்ல மெல்லக் குறைந்ததும் அதன் பின்னர்தான்.

அந்தப் புயலுக்குப் பெயர் இல்லை. வட இந்து சமுத்திரத்துப் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. அதனால் எங்கள் ஊர் அதற்கு அடைமொழியின்றிச் சூறாவளி என்றே பெயரிட்டது. இந்நாட்டில் தொலைக்காட்சி வந்தது 1979 ஏப்ரலில். ஆகவே சுழன்று வரும் முகிற்படத்தை அன்றைக்கு எவரும் வீட்டிலிருந்து கண்டதில்லை. வானொலி இருந்தது. ஆனால் "தாழமுக்கம்" என்ற சொல் பலருக்கு மழையைத்தான் நினைவூட்டியது. கதவைத் தள்ளிக்கொண்டு வரும் ஒன்றை அது நினைவூட்டவில்லை. வானொலியிலிருந்து பேசுகின்ற நான் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. எச்சரிக்கை காதில் விழுவது ஒன்று. அந்தச் சொல் ஒருவரை எழுப்பி நடக்கவைப்பது வேறொன்று. ஊரை அன்றைக்கு எழுப்பியது அந்தத் தாயின் "கிறுகி" என்ற சொல்.

1978க்குப் பின் எங்கள் ஊர் காற்றுக்குப் பயந்த ஊராகிவிட்டது. கார்த்திகையில் சற்றுப் பலமாக வாடை அடித்தாற் போதும், முதியவர்கள் கல்வீடு தேடுவார்கள். நடுவே 1990 வந்தது. அதை இயற்கை அனர்த்தத்தில் சேர்க்கமுடியாது. ஆனால் ஊரின் காலக் கணக்கு அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. "பிரச்சினைக்கு முந்தி, பிரச்சினைக்குப் பிந்தி" என்று இன்னொரு கல் நாட்டப்பட்டது. வீட்டைவிட்டு ஓடிய அனுபவம் ஏற்கெனவே இருந்ததால், என்னென்னவற்றை முதலிற் கையில் எடுக்கவேண்டும் என்பது பெண்களுக்குத் தெரிந்திருந்தது. 2000 டிசம்பர் 26ஆம் திகதி ஒரு சூறாவளி திருகோணமலைப் பக்கம் கரையேறியபோது எங்கள் ஊர் இரவு முழுவதும் விழித்திருந்தது. எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சரியாக நாலு வருடம் கழித்து, அதே திகதி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். வானத்தில் முகில் இல்லை. காற்று இல்லை. நத்தார் முடிந்த காலை. எங்கள் முன்னோர் சேர்த்து வைத்த அடையாளங்களில் ஒன்றாவது அன்று தென்படவில்லை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தது அந்நாளைய எங்கள் நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர். அலை கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தது ஒன்பது மணிக்குச் சற்று முன்னர். நடுவில் இருந்த நேரம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். நாவலடியிலிருந்து நகரத்துக்கு நடந்தே போகப் போதுமான நேரம் அது.

முதல் நீர் ஏறி வந்து பின்வாங்கியபோது, நின்று பார்த்தவர்களும் உண்டு. கடல் என்றால் காற்றோடு வரும் என்பதுதான் எங்களுக்கு வாய்த்த பாடம். ஓடியவர்கள் பலரும் 1978இன் நினைவில் கல்வீடுகளுக்குள் ஓடினார்கள். காற்றுக்குத் தாங்கும் சுவர் அந்த நீருக்குத் தாங்கவில்லை. மேலும், நாவலடியில் ஓடுவதற்கு எங்கே இடம்? முன்னால் கடல், பின்னால் வாவி. அந்தச் சிற்றூர் ஏறத்தாழ முழுவதும் துடைக்கப்பட்டது. இலங்கையில் அன்றைக்கு மாண்டவர்கள் 35,000க்கு மேல். 1913இல் கட்டிய முகத்துவாரத்து வெளிச்சவீடு 1978ஐக் கண்டதுபோல அதையும் கண்டுகொண்டு நின்றது.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி இருக்கிறது. கடல்கோள் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. கபாடபுரத்தைக் கடல் கொண்டதை இறையனார் களவியல் உரை சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. களனி மன்னன் காலத்தில் கடல் பொங்கியதைச் சிங்கள வரலாற்று மரபு சொல்கிறது. பரீட்சைக்கு மனனம் செய்த பிள்ளைகள் எங்கள் கரையிலே நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஆயினும் அந்தச் சொல் புத்தகத்திலிருந்து இறங்கி மணலுக்கு வரவில்லை. ஏனென்று பல நாள் யோசித்திருக்கிறேன். நமது உரையாசிரியர்கள் கடல் எதைக் கொண்டது என்று சொன்னார்கள். எத்தனை நகரம், எத்தனை நூல் என்று எண்ணிச் சொன்னார்கள். கடல் எப்படி வந்தது, முதலில் என்ன நடந்தது, எவர் எப்படித் தப்பினார் என்று சொல்லவில்லை. அந்தத் தாயின் சொல்லில் இருந்தது இந்த "எப்படி"தான்.

இன்னொன்று. 1883 ஆகஸ்டில் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது கிளம்பிய அலை இலங்கைக்கும் வந்தது. துறைமுகங்களிற் கடல் பின்வாங்கி மீண்டும் ஏறியதைக் கண்டார்கள். எங்களுக்குத் தெற்கே பாணமையில் ஒரு பெண் அதில் அகப்பட்டு மாண்டதாகப் பதிவுண்டு. 1883இலிருந்து 2004 வரை 121 வருடம். 1907இலிருந்து 1978 வரை 71 வருடம். பாட்டி பேரனுக்குச் சொல்லக்கூடிய தூரம் எழுபது வருடம். நூற்றிருபது வருடத்தை எந்தப் பாட்டியாலும் தாண்டமுடியாது. ஆதிச் சூறாவளி பெயரளவிலாவது எங்களுக்கு வந்து சேர்ந்தது பெரிய காரியம் என்று முன்னர் சொன்னது இதனால்தான். 1883 பெயரளவிலும் வந்து சேரவில்லை.

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 2011 ஜனவரியில் பெருவெள்ளம் வந்து, அறுவடைக்கு நெருங்கிய மாரிப் போக நெல்லைக் கொண்டுபோனது. முகத்துவாரத்து வழக்கு மறுபடியும் உச்சத்துக்கு வந்தது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராப் பக்கம் மீண்டும் பெரிய நிலநடுக்கம். கரையோர மக்களை உள்ளே போகும்படி அறிவித்தார்கள். இம்முறை நின்று பார்க்க எவரும் இல்லை. ஆனால் கல்லடியிலிருந்து நகரத்துக்குப் போக அன்றைக்கும் இருந்தது 1924இல் கட்டிய, ஒரு நேரத்தில் ஒரு திசைக்கே வாகனம் போகக்கூடிய லேடி மனிங் பாலம் ஒன்றுதான். அலை வராதது அந்தப் பாலத்தின் அதிர்ஷ்டம் என்றே சொல்லவேண்டும். அகலமான புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா சூறாவளிக்கு எங்கள் பக்கம் வழக்கம்போல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது கொண்டுபோனதோ பெரும்பாலும் மலைநாட்டு உயிர்களை, மண்சரிவினால். அங்கே லயங்களிலும் மலைச்சரிவுகளிலும் இருப்போர் இனித் தங்கள் பிள்ளைகளின் வயதை அதைக்கொண்டு சொல்வார்கள்.

நாவலடியில் மிஞ்சியவர்களை வாவிக்கு மறுபுறம், நகரத்துக்கு வடக்கே திராய்மடுவிற் குடியேற்றினார்கள். கடலிலிருந்து விலகிய இடம்; வீடுகளும் கல்வீடுகள். மடு என்றால் நீர் தங்கும் பள்ளம் என்று பழைய தமிழுக்கும் தெரியும், அந்த ஊருக்குப் பெயர் வைத்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. தொழில் கடலில்தான் என்பதால் ஆண்கள் சில மைல் தூரம் பழைய கரைக்கு வந்து போகிறார்கள். மாரி தொடங்கியதும் திராய்மடுப் பெண்கள் கேட்கும் கேள்வி கடலைப் பற்றியதல்ல. இந்த வருடம் முகத்துவாரம் எப்போது வெட்டப் போகிறார்கள் என்றுதான் கேட்கிறார்கள். மீன்பிடித்துச் சீவித்த குடும்பத்துப் பெண்கள் இன்றைக்கு வயற்காரரின் பக்கம் நின்று, சீக்கிரம் வெட்டச் சொல்கிறார்கள்.